பயிற்சி கொடுப்பதற்கு ஒரு நிறுவனம் எதற்கு?

எல்லோருக்கும் வணக்கம். இப்படிப் பேச வரும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "கடனும் கொடுப்பதில்லை, கட்டடமும் கட்டுவதில்லை, பயிற்சி, ஆலோசனை என்று மட்டும் சொல்கிறீர்கள், அதனால் ஊருக்கு என்ன ஆயிற்று?" நியாயமான கேள்விதான். மைராடாவின் கதையைச் சொன்னால் பதில் கொஞ்சம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

கர்நாடகத்தில் 1968இல் தொடங்கிய நிறுவனம். ஆரம்பத்தில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தும் வேலைதான், கிராம வளர்ச்சிப் பக்கம் வந்தது அப்புறம். எண்பதுகளின் தொடக்கத்தில், எல்லோரும் செய்ததைப் போல, கிராமத்து ஏழைகளைப் பெரிய கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்து அதன் வழியாகக் கடன் கொடுத்தார்கள். 1984-85 வாக்கில் அந்தச் சங்கங்கள் உடைய ஆரம்பித்தன. தலைவர் கையில் எல்லாம் குவிந்துவிட்டது, உறுப்பினர்களுக்குள் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. வேறொரு நிறுவனமாக இருந்தால் "மக்களுக்கு ஒற்றுமை இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டு மூட்டை கட்டியிருக்கும்.

ஆனால் பிரிந்து போனவர்கள் சும்மா போகவில்லை, தங்களுக்குள் ஒத்துப்போகிறவர்களாகச் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார்ந்தார்கள். வாங்கிய கடனை மைராடாவிடமே கட்டிவிடுகிறோம், சங்கத்தில் கட்ட மாட்டோம் என்றார்கள். அப்படியானால் அந்தப் பணத்தை உங்கள் சின்னக் குழுவிலேயே கட்டுங்களேன் என்று மைராடா சொன்னது. இன்று நாம் சுய உதவிக் குழு என்று சொல்வதற்கு இந்தியாவில் உள்ள வேர்களில் இது முக்கியமான ஒன்று. அலுவலகத்தில் யாரும் திட்டம் போட்டு உருவாக்கியதல்ல, உடைந்த இடத்தில் மக்கள் செய்ததைக் கவனித்து, அதற்கு வழிவிட்டதில் வந்தது.

சரி, அப்படியானால் பயிற்சி எங்கே வருகிறது? இங்கேதான். ஒத்துப்போகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் மட்டும் குழு ஆகிவிடாது. கூட்டத்துக்கு வராதவருக்கு என்ன அபராதம், தவணை தவறியவரின் வீட்டுக்கு யார் போவது, இரண்டு பேர் ஒரே வாரத்தில் கடன் கேட்டால் யாருக்கு முதலில், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநரை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று எல்லாவற்றையும் அவர்களே பேசி, சண்டை போட்டு, தீர்மான நோட்டில் எழுத வேண்டும். பயிற்சியாளர் விதிகளை அச்சடித்துக் கொடுத்தால் வேலை அரை நாளில் முடிந்துவிடும், ஆனால் அந்த விதியை மீறியவரிடம் அபராதம் கேட்க ஒருவருக்கும் வாய் வராது, ஏனென்றால் அது அவர்கள் போட்ட விதி இல்லை. நல்ல பயிற்சி மெதுவாக நடப்பது இதனால்தான். (கோப்பு, பேனா, டீ, பிஸ்கட், கடைசியில் குரூப் போட்டோ என்று ஒரே நாளில் முடியும் பயிற்சிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.)

1987இல் வேளாண்மைக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது, குழுக்களின் சேமிப்புக்கு இணையாகத் தன் பங்குக்குப் பணம் போடவும் பயிற்சிக்கும். தொகை சிறியதுதான், ஆனால் ஒரு தேசிய வங்கி "சேமிப்பும் பயிற்சியும் முதலில், கடன் பிறகு" என்ற வரிசையை ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம். 1989இல் நம் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது மைராடாவும் அதில் இருந்தது. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பயிற்சி தேவைப்பட்டது குழுப் பெண்களுக்கு மட்டுமில்லை. சொத்து ஜாமீன் இல்லாமல், என்ன காரணத்துக்கு என்று தனித்தனியாகக் கேட்காமல், ஒரு குழுவின் பெயரில் கடன் கொடுக்க வேண்டும் என்றால் வங்கி மேலாளர் என்ன செய்வார்? அவர் படித்த விதிகளில் அதற்கு இடமே இல்லை. அவரைக் குழுவின் கூட்டத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்து, சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குள்ளேயே உள்கடன் கொடுப்பதையும் வசூலிப்பதையும் கண்ணால் பார்க்க வைப்பது பாதி வேலை. ஆலோசனை என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான், எழுபது பக்க அறிக்கை அல்ல.

அப்புறம் கட்டணம். இலவசமாகக் கொடுப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அதனால் அது நன்றாக இருக்கிறதா என்றும் நமக்குத் தெரியாது. மைராடா பிற்காலத்தில் சுமார் நூறு குழுக்களை ஒன்று சேர்த்து மக்களே நிர்வகிக்கும் வள மையங்களைத் தொடங்கியது, கணக்குத் தணிக்கை, பயிற்சி போன்ற சேவைகளுக்குக் குழுக்களே பணம் கட்டும். கேரளத்தின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீயும், அரசுத் திட்டமாக இருந்தாலும், தன் பெண்களையே பயிற்சியாளர்களாக வேறு மாநிலங்களுக்கு அனுப்புகிறது. பட்டம் வாங்கியவர் இரண்டு மணி நேரம் பேசுவதைவிட, குழு நடத்திக் கடன் கட்டிய பெண் அரை மணி நேரம் பேசுவது ஏன் அதிகம் எடுபடுகிறது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. "இந்த மாதம் இத்தனை குழு" என்று இலக்கு வருகிறது, இலக்கை முடிக்கக் களப்பணியாளர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக் குழு அமைக்கிறார்கள். 1984இல் பெரிய சங்கத்தை உடைத்த அதே நோய், இப்போது இருபது பேர் கொண்ட குழுவுக்குள். நீங்கள் அடுத்த வாரம் களத்துக்குப் போகும்போது சேமிப்பு எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். தீர்மான நோட்டை யார் எழுதுகிறார், கடைசியாக யாருக்கு அபராதம் போட்டார்கள், அதை யார் வசூலித்தார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் குழுவுக்குக் கடன் வாங்கித் தரும் வேலையை நிறுத்திவிட்டு, அன்றைய கூட்டத்தில் அவர்களோடு உட்காருங்கள்.