ஹெட்லைட்டில் படிந்த மஞ்சள்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு. காருக்குக் கொட்டகை கிடையாது. பத்து வருஷமாக வெயிலிலும் உப்புக்காற்றிலும்தான் நிற்கிறது. ஒருநாள் இரவு புதுச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டி, சைக்கிளில் போன ஒரு பெரியவர் வண்டிக்கு மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டார். பிரேக் பிடித்துவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கை நடுக்கம் வீடு வரும்வரை நிற்கவில்லை. காலையில் ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தேன். மஞ்சளாகி, மேல்பாதி சொரசொரவென்று இருந்தது.

கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். பழைய அம்பாசிடரில் இருந்தது நிஜக் கண்ணாடி. இப்போது வருவது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கிவிடும். அதனால் மேலே மெல்லிய காப்புப் பூச்சு போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். வருஷக்கணக்காக வெயில் பட்டு அந்தப் பூச்சு கெட்டுப்போவதுதான் நாம் பார்க்கிற மங்கல். வாட் கூடின பல்பு போட்டால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. மங்கிய பிளாஸ்டிக் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எதிரே வருகிறவர் கண்தான் இன்னும் கூசும்.

செய்முறைக்கு வருகிறேன். பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். வெறுமனே உப்புத்தாள் என்றால் மரவேலைக்கு உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். 1000, 1500, 2000, கிடைத்தால் 3000 எண் தாள்கள் வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். எண் தாளின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். ஹெட்லைட்டைக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பிறகு தண்ணீர் விட்டு விட்டு 1000-ஆல் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். விரல்களுக்கிடையே மஞ்சள் பால் மாதிரி வழியும். அதுதான் கெட்டுப்போன பூச்சு. வழிகிற தண்ணீர் வெள்ளையாகும்வரை தாளை மாற்றாதீர்கள். இங்கே அவசரப்பட்டால் பூச்சு திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் விளக்கு முன்னைவிட மோசமாக, சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துத் தெரியும். பயப்பட வேண்டாம். அடுத்த தாளால் குறுக்குத் திசையில் தேயுங்கள். முந்தைய கோடுகள் மறைந்ததா என்று துடைத்துத் துடைத்துப் பாருங்கள். கடைசித் தாள் முடிந்து, காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை வைத்து மெத்தென்ற துணியால் தேய்த்தால் உள்ளே பல்பு தெளிவாகத் தெரியும்.

பற்பசையும் ஓரளவு வேலை செய்யும், அதிலும் நுண்ணிய தேய்பொடி இருக்கிறது. ஆனால் லேசான மங்கலுக்குத்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். தின்னர், பெட்ரோல், கொசு விரட்டும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கையே அரித்து விரிசல் விட்டுவிடும்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். தேய்த்தபோது மிச்சமிருந்த காப்பையும் எடுத்துவிட்டோம். முதல் தடவை நான் பளபளப்பைப் பார்த்ததும் போதும் என்று விட்டுவிட்டேன். தை மாதம் செய்தது, அக்னி நட்சத்திரம் முடியும்போது மறுபடி மஞ்சள். அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமற்ற பூச்சை, 'கிளியர் கோட்' என்று கேட்டு வாங்கிக் கட்டாயம் பூசுங்கள். துணியால் தடவுகிற வகை வீட்டுக்கு வசதி. ஸ்ப்ரே என்றால் திறந்தவெளியில், முகத்துக்குத் தகுந்த கவசத்தோடு. நம் ஊரில் மத்தியானம் கடற்காற்று கிளம்பினால் மணல் வந்து ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும், காலையிலேயே முடித்துவிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை தண்ணீர் படக்கூடாது.

உள்பக்கம் நீர் கோத்திருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை. அது விளக்கின் ரப்பர் அடைப்பையோ காற்றுத் துளையையோ பார்க்க வேண்டிய வேலை. விரிசல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது வண்டி கழுவும்போதெல்லாம் ஹெட்லைட்டின் மேல்பாதியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுகிறேன். வெயில் முதலில் இறங்குவது அங்கேதான். வழுவழுப்பு குறைந்திருந்தால் அன்றைக்கே மெழுகு பூசிவிடுவேன். நன்றி, வணக்கம்.