உடைக்கிறது புகழ் இல்ல, பெத்தவைதான்

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் வெள்ளவத்தை சனத்துக்கும் வணக்கம், நேரே விஷயத்துக்கு வாறன்.

பேர் பெற்ற குடும்பத்தில பிள்ளைகளை உடைக்கிறது புகழா, பெற்றோரா? எனக்கு முதல் பேசின அண்ணை என்ன சொன்னவர்? "அடியாத மாடு படியாது, தகப்பன் பெல்ட் எடுத்தபடியாத்தான் மைக்கேல் ஜாக்சன் வந்தார்" எண்டு. நீங்களும் கைதட்டினீங்கள்.

அண்ணை, அமெரிக்காவில கேரி எண்ட ஊரில ரெண்டு அறை வீடு, ஒன்பது பிள்ளைகள், தகப்பன் ஜோ இரும்பாலையில கிரேன் ஓட்டினவர். ஒத்திகை நடக்கேக்க பெல்ட்டோட கதிரையில இருப்பாராம், பிழைச்சா அடி, இது மைக்கேலே 2003 இல டிவியில சொன்னது. அண்ணன் தம்பி அஞ்சு பேரும் அதே பெல்ட்டுக்கு முன்னாலதான் ஆடினவை. பெல்ட்தான் மைக்கேலை உண்டாக்கினதெண்டா அஞ்சு மைக்கேல் எல்லோ வந்திருக்க வேணும்? எங்க மிச்ச நாலு பேர்? சொல்லுங்கோ அண்ணை! பெல்ட் குடுத்தது வேற. அப்பாவைக் கண்டாலே சத்தி வாற பயம். அதையும் அவர் 1993 பேட்டியில சொன்னவர்.

இப்ப இதைக் கேளுங்கோ. 2001 மார்ச், ஒக்ஸ்ஃபோர்ட் யூனியன், இதே மாதிரி விவாதம் நடக்கிற சபை. அங்க மைக்கேல் எழும்பிப் பேசுறார். 11 வயசிலேயே அமெரிக்காவில முதலாம் இடம் பிடிச்ச பாட்டைப் பாடினவர், உலகம் முழுக்கத் தெரிஞ்ச முகம், என்ன பேசினவர் தெரியுமோ? டோனட்! சீனிப்பாகு பூசின டோனட். சின்ன வயசில சில கிழமைக்கு ஒருக்கா காலமை குசினிக்கு வந்தா மேசையில ஒரு பை இருக்குமாம். ஒரு துண்டுக் கடதாசி இல்ல, ஒரு சொல்லு இல்ல, டோனட் மட்டும். தகப்பன் இரவில ஒருத்தருக்கும் தெரியாமல் வச்சிட்டுப் போறது. முழிச்சிருந்து பாப்பமோ எண்டு பிள்ளைக்கு ஆசை, பாத்தா அந்த மாயம் போயிடுமெண்டு பாக்கேல்லையாம். யோசிச்சுப் பாருங்கோ, அன்பைக் கூட களவா வைக்கிற தகப்பன்! 42 வயசில, அவ்வளவு புகழுக்குப் பிறகும், அந்த மனுஷன் அந்தப் பையை நினைச்சுக் கலங்குறார். விருதை நினைச்சு இல்ல ஐயா, பையை நினைச்சு! ஒரு பை டோனட்டுக்கு அவ்வளவு பலமெண்டா பெல்ட்டுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

புகழ்தான் குற்றவாளி எண்டுறீங்கள், இந்தக் காலி வீதியில டியூஷன் வாசலில தாய் தகப்பன் நிண்டு "கொக்காவுக்கு சோதினையில ஒன்பது ஏ, உனக்கென்ன வந்தது" எண்டு கேக்கிற நேரம் தலையைக் குனிஞ்சு நிக்குதே ஒரு பிள்ளை, அதுக்கு எந்தப் புகழ் இருக்கு? கொக்காவோட அதுக்கிருந்த பாசமும் அண்டையோட சரி.

அம்மாமார், அப்பாமார், கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன், இண்டைக்கு வீட்ட போகேக்க பிள்ளை நித்திரையெண்டாலும் எழுப்பி, நீ எங்களுக்குப் போதும் ராசா எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. ஒளிச்சு வைக்காதேங்கோ. நன்றி, வணக்கம்.