ஆடி மாதத்தில் கெடும் பேட்டரி

நேயர்களுக்கு வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் 18 வருடமாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். கேமரா பேட்டரியை நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். உடனே எனக்கு ஓர் ஆவணி முகூர்த்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

காலை 5.30 மணி. தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாகச் சுற்றி வருகிறது. அந்த நேரம் பார்த்து என் கேமராவில் பேட்டரி குறி சிவப்பாக மின்னியது. அதற்குள் எடுத்தது 300 படம்கூட இருக்காது. எப்போதும் ஒரு பேட்டரியில் முகூர்த்தம் முழுவதையும் முடித்துவிடுவேன் என்பதால், மாற்று பேட்டரி இருந்த பையை மணமகள் அறையில் வைத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, எடுத்து வந்து மாட்டி நிமிர்ந்தபோது கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. முதல் முடிச்சு எனக்குக் கிடைத்தது. கை நடுங்கியதில் படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. அந்த வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஆல்பத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

அந்த பேட்டரி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதோடு சேர்த்து வாங்கிய இன்னொன்று நன்றாகவே இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது, பின்னே ஏன் இந்த வித்தியாசம்? உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஆனியில் கடைசிக் கல்யாணம் முடிந்ததும், அடுத்த ஆர்டருக்குத் தயாராக இருக்கட்டும் என்று கெட்டுப்போன பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி, மொட்டை மாடி அறை பீரோவில் வைத்துப் பூட்டுவேன். மேலே தகரக் கூரை. ஆடி முழுக்க அது அங்கேயே வேகும். நன்றாக இருந்த பேட்டரியோ, வீட்டு விசேஷங்களுக்கு நாலு படம் எடுக்க என்று பாதி சார்ஜோடு கீழ் வீட்டிலேயே கிடந்தது.

நம் தொழிலில் ஆடியும் மார்கழியும் ஓய்வு மாதங்கள். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. கேமராவுக்கு வேலையே இல்லாத அந்த மாதங்களில்தான் பேட்டரியின் ஆயுள் அதிகம் குறைகிறது. வேலை செய்யாத பொருள் எப்படித் தேயும் என்று கேட்பீர்கள். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்றைய கேமராக்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி கம்பெனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. அதை உருவாக்கியதற்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய கேமரா பேட்டரி ஒன்றைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே இரண்டு செல் இருக்கும். பிரித்துப் பார்க்காதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அது செல்லுக்கு இழுத்துக் கட்டிய நிலை. அந்த நிலையில் உள்ளிருக்கும் திரவம் மின்முனையோடு கொஞ்சம் கொஞ்சமாக வினை புரிந்து, மேலே ஒரு படலமாகப் படிகிறது. அங்குமிங்கும் ஓட வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அந்தப் படலத்தில் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது சிக்கியதுதான், திரும்ப வராது. வெயில் ஏற ஏற இந்த வினை வேகமாகும்.

பேட்டரி விஷயம் அறிந்தவர்கள் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. முழு சார்ஜில் 40 டிகிரி சூட்டில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 65 சதவீதம்தான் மிஞ்சும். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 85 மிஞ்சும். 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96. நம் ஊர் மாடி அறைக்கு 40 டிகிரி பெரிய விஷயமே இல்லை.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். சீசன் முடிந்ததும் பேட்டரியைப் பாதி அளவுக்குக் கொண்டுவந்து, கேமராவிலிருந்து கழற்றிவிடுவேன். கேமரா அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்கென்று கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். உலோக முனைகள் எதிலும் உரசாமல் இருக்க மூடியைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறேன். எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்குப் பக்கம். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வைப்பதில்லை. வெளியே எடுத்ததும் அதன்மேல் வியர்க்கும் ஈரம் எனக்குப் பயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றி வைப்பேன். ஒரேயடியாகக் காலியாகி மாதக் கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜரே அதை ஏற்றுக்கொள்ளாது. முழு சார்ஜ் என்பது முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மட்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், பேட்டரியைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பார். அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. வீடியோ லைட்டுக்கு அப்போது வந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அந்த வகையில் பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போடுவது நல்லதில்லை என்பார்கள். லித்தியத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில் 20 நிமிடம் சார்ஜ் ஏற்றினாலும் நல்லதுதான், அடி வரை வற்ற விடுவதுதான் கெடுதல்.

சரி, படம் எடுக்கும் நாளில் எப்படி மிச்சம் பிடிப்பது? கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழல் (வியூஃபைண்டர்) வழியாகப் பாருங்கள், பின்பக்கத் திரையை விடுங்கள். கேனான் 5டி மார்க் 4 கேமராவுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் கணக்கே, குழல் வழியாகப் பார்த்தால் ஒரு சார்ஜுக்கு 900 படம், திரையைப் பார்த்து எடுத்தால் 300. மூன்றில் ஒரு பங்கு! உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் குழலுக்குள்ளும் ஒரு குட்டித் திரைதான் இருக்கிறது, அதனால் அதில் இந்த லாபம் கிடையாது. எடுக்காத நேரத்தில் கேமரா தானாகச் சீக்கிரம் தூங்கும்படி அமைத்துக்கொள்வதுதான் வழி. ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். வைஃபை, புளூடூத் வேண்டாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தியபடியே மணமக்களுக்காகக் காத்திருக்காதீர்கள், அந்த நேரமெல்லாம் லென்ஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

போன மார்கழியில் தை மாதக் கல்யாண ஜோடி ஒன்றைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போயிருந்தோம். விடியற்காலைப் பனியில் பேட்டரி சட்டென்று இறங்கிவிட்டது. கூட வந்த உதவியாளப் பையன் பயந்தே போனான். கழற்றி, ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து மாட்டினால் மறுபடி நன்றாக வேலை செய்தது. குளிரில் உள்ளே நடக்கும் வேலை மந்தமாகிறது, அவ்வளவுதான். சூடு ஏறியதும் சரியாகிவிடும். வெயில் எடுத்ததோ திரும்பாது. சித்திரையில் காருக்குள், அதுவும் கண்ணாடிக்குக் கீழே, பேட்டரிப் பையை வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போகாதீர்கள்.

டூப்ளிகேட் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. விலை மூன்றில் ஒரு பங்குதானே என்று நானும் ஒரு கடையில் வாங்கினேன். ஆறே மாதத்தில் கேமராவுக்குள்ளேயே வீங்கிக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டது. வீங்கிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இல் வந்த விதிகள் தயாரிப்பாளர்கள் மேலேயே வைத்திருக்கின்றன. வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் பேட்டரியின் வயதைக் கேமராவே சொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. கேனான் கேமரா பலவற்றில் பேட்டரி தகவல் பக்கத்தில் மூன்று பச்சைக் கட்டம் தெரிந்தால் புதிது போல, சிவப்பானால் மாற்ற வேண்டியதுதான். நிக்கானில் 0 முதல் 4 வரை எண் காட்டும், 4 என்றால் முடிந்தது. என் பேட்டரிகள் எல்லாவற்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, ஒரு எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி வைத்திருக்கிறேன். நான் சொன்ன அந்த ஆவணிக் கல்யாணத்தில் கைகொடுத்த பேட்டரிக்கு எண் 2. இப்போதும் அது மூன்று கட்டத்தில் இரண்டு காட்டுகிறது. ஆடி பிறக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதையும் பாதிக்கு இறக்கி டப்பாவில் வைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.