மூட வேண்டிய வாய்க்கால், மூடக் கூடாத குழந்தை

[காட்சி: பச்சைக் குழந்தையின் பாதம். அதில் சுற்றிய பட்டையில் சிவப்பு வெளிச்சம். பக்கத்துத் திரையில் 71 என்ற எண், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது அது.]

பிறந்து மூன்று நாள். நேற்று வரை நன்றாகப் பால் குடித்த குழந்தை. இன்று காலை குளிப்பாட்டும்போது உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. "குளுருக்கு அப்பிடித்தான் இருக்கும் சாமி, துணியச் சுத்தி வை" என்றார் அம்மிச்சி. மத்தியானம் பால் இழுக்கவே தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். எண் ஏறவில்லை.

இந்த 'ஏறவில்லை'தான் துப்பு. நுரையீரலில் கோளாறு என்றால் ஆக்சிஜன் வைத்ததும் பெரும்பாலும் எண் கொஞ்சமாவது மேலே வரும். இதய அமைப்பில் இப்படிப்பட்ட கோளாறு என்றால் எவ்வளவு வைத்தாலும் அடம் பிடிக்கும். இப்படிப்பட்ட குழந்தைக்கு ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும் சின்ன உலோக வலைக்குழாய், எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கதை.

[காட்சி: பவானி ஆறு. அணைக்கட்டிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால், மேலிருந்து.]

ஈரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காலிங்கராயன் வாய்க்கால் பவானி ஆற்றில் தொடங்கி, கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேருகிறது. இரண்டு ஆறு, நடுவே ஒரு இணைப்பு. வயிற்றில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயத்துக்கு மேலே இப்படி ஒரு இணைப்பு உண்டு. ஒரு பக்கம் நுரையீரலுக்குப் போகும் தமனி, இன்னொரு பக்கம் உடம்புக்குப் போகும் மகாதமனி. இந்த இணைப்பை டாக்டர்கள் டக்டஸ் என்பார்கள். கருவில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை, அதனால் ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு இந்த வழியாகப் போகும். குழந்தை பிறந்து அழுததும் இதற்கு வேலை முடிந்தது. இரண்டு மூன்று நாளில் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். மூடாமல் போனால்தான் மற்றக் குழந்தைகளுக்குத் தொந்தரவு.

நம் குழந்தைக்கு நேர் எதிர். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசலே உருவாகவில்லை. பல்மனரி அட்ரீசியா என்பது இதுதான். மகாதமனியிலிருந்து வாய்க்கால் வழியாகத் திசை மாறி வந்த ரத்தம்தான் இரண்டு நாளாக நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் சுருங்கச் சுருங்க உதடு கறுத்தது.

சரி, உடனே ஸ்டென்ட்டா? இல்லை, முதலில் மருந்து. புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால், சுருங்கும் டக்டஸ் மறுபடி விரியும். ஆனால் இந்த மருந்து சில குழந்தைகளின் மூச்சை நிறுத்திவிடும். அதனால்தான் கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்கு வர, செயற்கை சுவாசக் கருவியும் பழகிய நர்ஸும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும் என்கிறார்கள். காரில் மடியில் வைத்துக்கொண்டு வரும் வேலை இல்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு 'சளிதான்' என்று ஒன்றரை நாள் போய்விட்டது. அந்த வெசனம் இன்னும் எனக்குப் போகவில்லை. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு பாதத்திலும் இந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் போதும். இரண்டிலும் 95 அல்லது மேலே இருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-ஐத் தாண்டக் கூடாது. 90-க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் "கால்ல ஆக்சிஜன் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

[காட்சி: கேத் லேப், ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு இதயச் சிகிச்சை செய்யும் அறை. பெரியவர்களுக்கான நீள மேசை. நடுவில் துண்டு சுற்றிய சின்ன உருவம்.]

எடை 2.8 கிலோ. மேசை மட்டுமல்ல, ஸ்டென்ட்டும் பெரியவர்களுக்கானதுதான். மாரடைப்பு வந்த மாமாவுக்கு வைக்கும் அதே கொரோனரி ஸ்டென்ட். விரிந்தால் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர், பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமன். பலூன் மேல் மடிந்திருக்கும்போது கம்பு தானியத்தைவிட மெல்லியது.

தொடையிலோ கழுத்திலோ அக்குளிலோ ஒரு ஊசித் துளை. அதற்குள் தையல் நூல் கனத்துக்கு ஒரு கம்பி. அந்தக் கம்பி டக்டஸைத் தாண்டியதும் அதன் மேலேயே ஸ்டென்ட் நகர்ந்து போகும். நெஞ்சைப் பிளப்பதில்லை.

இதில் நெருக்கடியான இடம் ஒன்று உண்டு. இவ்வளவு நேரம் உயிரைப் பிடித்து வைத்திருந்த மருந்தைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள் அல்லது குறைப்பார்கள். டக்டஸ் அகலமாகத் திறந்து கிடந்தால் ஸ்டென்ட் சேற்றில் நட்ட முளைக்குச்சி போல நழுவிவிடும். கொஞ்சம் சுருங்கினால்தான் பிடித்து நிற்கும். அதிகம் சுருங்கினால் குழந்தை கறுத்துவிடும். அந்த நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றும்.

நீளமும் முக்கியம். வாய்க்காலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஸ்டென்ட் இருக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் விட்டாலும், விட்ட இடத்தில் சுருங்கிவிடும். அகலம் கூடினால் நுரையீரலில் ரத்தம் வெள்ளமாகப் பாயும்.

பலூன் விரிகிறது. அந்தச் சில நொடி வழியே அடைபடும், எண் சரியும். பலூன் சுருங்கி வெளியே வருகிறது, வலை அங்கேயே நிற்கிறது. 66... 74... 81. அறையில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். 100 வராதா? வராது. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் இன்னும் கலந்துதான் ஓடுகின்றன. 75-லிருந்து 85 வரை இருந்தால் போதும்.

முன்பெல்லாம் இதற்கு ஆபரேஷன்தான். 1944-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹெலன் டாசிக் யோசனை சொல்ல, ஆல்ஃபிரட் பிளாலாக் செய்தார். ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து பழகி, அன்று பிளாலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்பர். அவர் பெயர் வெளியே வரப் பல வருடம் ஆனது. டக்டஸில் ஸ்டென்ட் என்பது 1990-களில் வந்த வழி. இப்போதும் பாம்பு போல வளைந்து நெளிந்த டக்டஸ் என்றால் ஆபரேஷனே மேல் என்று டாக்டர்கள் சொல்லலாம். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு ஸ்டென்ட். பக்கத்தில் குழந்தை வளரும் வரைபடம்.]

குழந்தை வளரும், உலோகம் வளராது. உள்ளே சதையும் படிந்து வழி குறுகும். ஆகவே இது அவகாசம் வாங்கும் வேலைதான். சில மாதம், அதிகம் போனால் ஒரு வருடம். அதற்குள் அடுத்த ஆபரேஷன்.

நுரையீரல் தமனியின் கிளை குறுகியிருந்தாலும் ஸ்டென்ட் வைப்பார்கள். குழந்தை வளர்ந்த பிறகு அதே ஸ்டென்ட்டைப் பலூன் விட்டு இன்னும் விரிக்கலாம். மகாதமனிக் குறுகலுக்குப் பச்சைக் குழந்தையில் பெரும்பாலும் ஆபரேஷன், 20, 25 கிலோ ஆன பிள்ளைகளுக்கு ஸ்டென்ட். தானாகக் கரையும் மெக்னீசிய ஸ்டென்ட்டை 2005-லேயே ஒரு குறைமாதக் குழந்தைக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பச்சைக் குழந்தையில் வைத்து, வளர வளரப் பெரியவர் அளவுக்கு விரிக்கும் ஸ்டென்ட் ஒன்றுக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

[காட்சி: வீட்டுத் திண்ணை. தூளியில் குழந்தை.]

வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பிரின் ஒரு வேளையும் தப்பக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் "நாளைக்குப் பாக்கலாம்" வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையலாம், அன்றே போங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள், ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம், நாலைந்து மாதத்தில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று பேச்சு வரும். மொட்டை பரவாயில்லை. காது குத்தும் முன் மட்டும் இதய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஆஸ்பிரின் ஓடுகிறது, ரத்தம் சட்டென்று நிற்காது. மாமன் மடி எங்கேயும் போய்விடாது.