பிடிக்காதவை என்றொரு பக்கம்

(இசை ரசனை குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

என் கையில் இருப்பது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். 1977இல், எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது எழுதியது. ஒரு பக்கத்தில் ‘பிடித்தவை’ என்று தலைப்பிட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களின் முதலடிகளை எழுதியிருக்கிறேன். அத்தனையும் திரைப்பாடல்கள். எதிர்ப்பக்கத்தில் ‘பிடிக்காதவை’. அதில் பாடல்கள் இல்லை, இசை வகைகள் இருக்கின்றன. ராக ஆலாபனை, நாகசுரம், கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ், மேற்கத்தியத் தந்தி வாத்திய நால்வரிசை, மேற்கத்திய இசை நாடகமான ஓபெரா. ஐந்தே ஐந்து. கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் அழுத்திப் போட்டிருக்கிறேன்.

வாழ்நாள் முழுவதும் நான் கேட்ட இசையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பிடித்தவற்றைப் பற்றியே பேசியிருக்கலாம். ஆனால் அந்த நாற்பது பாடல்களும் எனக்கு எப்படிப் பிடித்துப்போயின என்று யோசித்தால் பதிலே இல்லை. காற்றில் வந்தன, ஒட்டிக்கொண்டன. எதிர்ப்பக்கம் அப்படியல்ல. அங்கிருக்கும் ஐந்தில் நான்கு இன்று என் உயிரோடு கலந்தவை. ஒவ்வொன்றும் எந்த வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது என்பதை என்னால் அடையாளம் காட்ட முடியும். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஆலாபனை. பத்தொன்பது வயதில் அது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை? நீளம்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன். பாதி உண்மைதான். என் காது மூன்று நிமிடத்துக்குப் பழகிய காது. அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். அதற்கேற்பப் பாடல்கள் வெட்டப்பட்டன. 1948இல் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் கொள்ளும் நெடுந்தட்டுகள் வந்துவிட்டன, ஆனாலும் மூன்று நான்கு நிமிடப் பாடல் என்ற வழக்கம் போகவில்லை. ஓர் அரக்குத் தட்டின் கொள்ளளவு உலகம் முழுவதிலும் தலைமுறை தலைமுறையாக மனிதர்களின் பொறுமையை அளந்து வைத்தது. அந்தப் பொறுமையோடு ஆலாபனைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், இந்த மனிதர் பாட்டை எப்போது தொடங்குவார் என்றுதான் காத்திருக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். சொல் இல்லை, தாளம் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லாத படிக்கட்டு போல இருந்தது.

அதைத் திறந்துவிட்டது ஓர் ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்ன கேசட் எங்கள் தலைமுறையின் காதுகளுக்குச் செய்த நன்மையை யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம். ஒரு நண்பன் எனக்குப் பிடித்த பாடல்களை ஒரு நாடாவில் பதிந்து கொடுத்தான். நடுவில், என்னைக் கேட்காமலேயே, பதினோரு நிமிடத் தோடி ராக ஆலாபனை ஒன்றைச் சேர்த்திருந்தான். கேசட் பெட்டி என் அண்ணனுடையது. வேகமாக ஓட்டும் பொத்தானைத் தொடக் கூடாது, நாடா சிக்கிக்கொள்ளும் என்பது அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை. ஆகவே எனக்குப் பிடித்த நான்காவது பாட்டுக்குப் போக வேண்டுமானால் தோடியைக் கடந்துதான் போக வேண்டும்.

முதல் பத்து முறை பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அந்த நண்பன் கேட்டான்: “அதில் காந்தாரத்தைக் கவனித்தாயா? எங்காவது ஓரிடத்தில் நிற்கிறதா என்று பார்.” அவ்வளவுதான் சொன்னான். காந்தாரம் என்பது ச, ரி, க, ம வரிசையில் வரும் ‘க’. நான் பார்க்கத் தொடங்கினேன். அது நிற்கவில்லை. ‘ரி’யாகிய ரிஷபத்தின் பக்கம் சரிந்தது, ‘ம’வாகிய மத்தியமத்தைத் தொட்டது, திரும்பியது. ஒரு சுரம் என்றால் ஒரு புள்ளி என்று எண்ணியிருந்தவனுக்கு, அது ஓர் ஊஞ்சல் என்று தெரிந்தது. முப்பதாவது முறையோ நாற்பதாவது முறையோ, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதோ இப்போது அந்தக் காந்தாரம் வரப்போகிறது என்று என் உடம்புக்கே முன்கூட்டித் தெரிந்தது. வந்தது. மயிர்க்கூச்செறிந்தது. அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. நான்காவது பாட்டைக் கேட்காமல் பெட்டியை நிறுத்திவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இசை கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அவர்கள் அளந்திருந்தார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்: சிலிர்க்கும் கணத்தில் மட்டும் அது சுரக்கவில்லை, அந்தக் கணத்தை எதிர்பார்த்திருக்கும் நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில், சுரந்திருக்கிறது. எதிர்பார்க்க வேண்டுமானால் என்ன வரும் என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? புதிய இசை வகை ஒன்றின் முன்னால் நாம் நிற்கும்போது நமக்கு எதுவும் தெரியாது. இன்பத்தின் ஒரு பாதி முதல் நாளில் பூட்டியே கிடக்கிறது. அப்போது ‘பிடிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் அப்படித்தான் எழுதினேன், அழுத்தமாக.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் பிடித்துவிடுமா என்று கேட்பீர்கள். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் இதையொட்டி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொருளற்ற சொற்களையும் அறிமுகமில்லாத எழுத்துகளையும் மக்களுக்குக் காட்டினார். அதிக முறை கண்ணில் பட்டவையே அதிகம் பிடித்தவையாக இருந்தன. இசைக்கும் இது பெருமளவு பொருந்துகிறது. ஆனாலும் முழுவதும் பொருந்துவதாக நான் நினைக்கவில்லை. ஆயிரம் முறை காதில் விழுந்த விளம்பர மெட்டுகள் பல எனக்கு இன்றும் எரிச்சல்தான். தோடிக்கும் அவற்றுக்கும் என்ன வேறுபாடு? தோடியை ஒருவன் எனக்குக் காட்டினான். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு விரல் நீண்டது. அந்த விரல் இல்லாமல் நூறு முறை கேட்டிருந்தாலும் அது எனக்குக் கதவின் ஓசையாகவே இருந்திருக்கலாம்.

இனி ப்ளூஸ். இதுதான் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வியப்பு. சிற்றலை வானொலியில் கேட்டுவிட்டு, சுதி சேராமல் பாடுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். முப்பது வயதுக்கு மேல், தோடியில் ஊறிய காதோடு, தற்செயலாக மறுபடியும் கேட்டேன். கறுப்பின அமெரிக்கப் பாடகர் ஒருவர், ஒரு கிட்டார், வேறொன்றும் இல்லை. காந்தாரம் வந்தபோது அதிர்ந்துபோனேன். அது ‘சாதாரண காந்தாரம்’ எனப்படும் கீழ்க் காந்தாரமும் இல்லை, ‘அந்தர காந்தாரம்’ எனப்படும் மேல் காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் இடையில் எங்கோ சரிந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் அதை ‘நீலச் சுரம்’ என்கிறார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் பிளவில்தான் அது வாழ்கிறது. சுதி சேரவில்லை என்று நான் ஒதுக்கிய அந்த இடத்தில்தான் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் துயரத்தை வைத்திருந்தார்கள்.

தோடி கேட்டிருக்காவிட்டால் எனக்கு அது கேட்டிருக்காது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு ரசனை மற்றொரு ரசனைக்குக் காது கொடுக்கிறது. அதன் பிறகு ப்ளூஸின் கட்டமைப்பும் புரிந்தது. பொதுவான வடிவத்தில் பன்னிரண்டு தாள அளவைகள், அளவைக்கு நான்காக நாற்பத்தெட்டு எண்ணிக்கைகள். ஓர் அடியைப் பாடுவார், அதையே மறுபடியும் பாடுவார், மூன்றாம் அடியில் அதற்குப் பதில் சொல்வார். முதல் முறை கேட்ட அடியே இரண்டாம் முறை வரும்போது கனம் கூடியிருக்கும். எத்தனை எளிய உத்தி!

நாகசுரத்துக்கு இவ்வளவு கதை இல்லை. சின்ன அறையில், கரகரத்த வானொலிப் பெட்டியில் அதைக் கேட்டு, இரைச்சல் என்று எழுதிவைத்திருக்கிறேன். திறந்தவெளியில் இருநூறு அடி தள்ளி நின்று கேட்ட ஒரு மாலையில் கணக்கு நேராகிவிட்டது. வெட்டவெளியை நிரப்பப் பிறந்த குரலைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு அதன் மீது குறை சொல்லியிருக்கிறேன். நால்வரிசைக்கும் ஒரு விரல் நீண்டது. இரண்டு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்கையும் ஒன்றாகக் கேட்க முயலாதே, முதல் வாரம் செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து போ என்றார் ஒரு பெரியவர். போனேன். தரையைக் கண்டுகொண்ட பிறகு சுவர்களும் கூரையும் தாமாகவே தெரிந்தன.

இசையே தங்களை அசைப்பதில்லை என்று சொல்பவர்கள் இந்த அவையில் யாரேனும் இருக்கலாம். அவர்களிடம் ‘சரியான இசையை நீங்கள் கேட்கவில்லை’ என்று வற்புறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற இன்பங்களையெல்லாம் இயல்பாக உணர்ந்து, இசையில் மட்டும் இன்பம் உணராத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். பார்சிலோனாவில் நடந்த ஆய்வொன்று 2014இல் இதை உறுதிப்படுத்தியது. அவர்களிடம் குறை எதுவும் இல்லை.

குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரேஹப் என்ற இருவர் 2005இல் வெளியிட்டது. வட அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பால்கன் நாடுகளின் கோணல் தாளங்களைக் கேட்கவைத்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்கு அந்நியத் தாளத்திலும் பிசகு தெரிந்தது. பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. ஒரே ஆண்டுக்குள் காது தன் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது! ஆனால் சிறிது காலம் அந்த இசையைக் கேட்கவைத்ததும் அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கு மீண்டும் தெரிந்தது. அதே அளவு கேட்ட பெரியவர்களுக்கு அது போதவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமும் வந்தது, தெளிவும் வந்தது. நமக்குக் கூடுதல் காலம் தேவைப்படுகிறது. அண்ணனின் நிபந்தனை போல ஏதாவது ஒன்று நம்மை உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

இன்று அப்படி உட்காரவைக்க எதுவும் இல்லை என்பதுதான் என் கவலை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்காகிவிடுகிறது. அந்த 30 விநாடிக்குள் தோடியில் ஒருவர் ‘ச’ என்னும் சட்ஜத்தைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். உலகத்தின் இசை எல்லாம் கைக்குள் இருக்கிறது. அதே கையில் தள்ளிவிடும் பொத்தானும் இருக்கிறது. இளையவர்களை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பொத்தான் 1977இல் என்னிடம் இருந்திருந்தால் அந்த ஐந்தும் இன்றுவரை அந்தப் பக்கத்திலேயே கிடந்திருக்கும்.

அந்த நாற்பது பாடல்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றின் ஒவ்வொரு சொல்லும் இன்றும் நினைவிருக்கிறது. ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் முதுமையில் மிகத் தெளிவாக நினைவில் நிற்கும் என்கிறார்கள் நினைவாற்றலை ஆராய்பவர்கள். உண்மைதான். ஆனால் அவற்றைக் கேட்கும்போது எனக்குப் பாட்டு கேட்பதில்லை. அண்ணனின் அறை தெரிகிறது. அண்ணன் இப்போது இல்லை. அதனால் அவற்றை அடிக்கடி போடுவதில்லை.

மீதி இருப்பது ஓபெரா. இரண்டு கோடுகள் போட்ட அந்தச் சொல்.

எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. சென்ற ஆண்டு காதுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இளம் வயதில் மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் முதலில் உதிர்கின்றன. உட்காதின் சுருளில் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. உச்ச ஒலிகளுக்கானவை வாசலருகே இருக்கின்றன, அவையே முதலில் தேய்கின்றன. போனவை மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. பழகிய பதிவுகளில் ஜால்ராவின் ஓசை எனக்கு இன்னும் கேட்பது போலவே இருக்கிறது, நினைவு அதை இட்டு நிரப்பிவிடுகிறது போலும். புதிதாகக் கேட்பவற்றில் அப்படி நிரப்ப என்னிடம் எதுவும் இல்லை.

ஓபெரா பாடகர்களின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தனி ஒளிர்வு உண்டு. அதனால்தான் மைக் இல்லாமல் முழு வாத்தியக் குழுவையும் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்கு அந்தக் குரல் போய்ச் சேர்கிறது. என் காதில் இப்போது தேயத் தொடங்கியிருப்பது ஏறக்குறைய அந்த இடம்தான். ஆகவே சென்ற ஆண்டு முடிவு செய்தேன். ஏழு நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு பெண்குரல், பின்னால் பெரிய வாத்தியக் குழு. இதுவரை இருபத்திரண்டு முறை கேட்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது என்று இன்னும் சொல்ல முடியவில்லை. நான்காவது நிமிடம் முடியும் தறுவாயில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, குரல் மட்டும் தனியே நிற்கும் ஓர் இடம் வருகிறது. சென்ற வாரம், முதன்முறையாக, அந்த இடத்துக்காக நான் காத்திருந்ததை உணர்ந்தேன்.

இப்போது அதை இங்கே ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். இருபத்து மூன்றாவது முறையை உங்களோடு உட்கார்ந்து கேட்க ஆசை. விளக்கைச் சற்றுக் குறையுங்கள்.