பீரங்கி இழுத்த பாட்டு

வணக்கம் நேயர்களே. வியட்நாம் போர் என்றதும் குண்டு போடும் விமானங்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் போர்களுக்கு நடுவில் அங்கே என்ன பாடினார்கள், என்ன வரைந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த மக்களை நாம் பாதிதான் புரிந்துகொள்கிறோம் என்பது என் எண்ணம்.

1954 ஜனவரிக்குப் போவோம். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து வியட்நாம் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. லாவோஸ் எல்லைக்குப் பக்கத்தில் சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு தியன் பியன் பூ. அங்கே பிரெஞ்சுப் படை முகாம் அடித்து உட்கார்ந்திருந்தது. இந்த மலைகளில் எதிரி கனமான பீரங்கிகளை ஏற்றவே முடியாது, அப்படியே ஏற்றினாலும் சுட ஆரம்பித்ததும் நொறுக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. வியட்நாம் வீரர்கள் இரண்டு டன்னுக்கும் மேல் கனமுள்ள பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையாலேயே இழுத்தார்கள். விமானத்தின் கண்ணில் படக்கூடாது என்பதால் இரவில்தான் வேலை, அதுவும் செங்குத்தான சரிவுகளில். எல்லாம் ஏற்றி முடிக்கப் போகும் நேரத்தில், ஜனவரி 26 அன்று, தளபதி கியாப் தாக்குதலை நிறுத்தினார். அவசரப்பட்டால் தோற்போம், பீரங்கிகளை மறுபடி கீழே இறக்குங்கள் என்றார். பல இரவுகள் உயிரைக் கொடுத்து மேலே ஏற்றியவர்களிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்! ஏற்றுவதைவிட இறக்குவது ஆபத்து. கயிறு அறுந்து சரிந்த ஒரு பீரங்கியைத் தடுக்கத் தோ வின் சியென் என்ற இளைஞர் சக்கரத்தின் அடியில் தன் உடலையே கொடுத்து உயிர்விட்டார்.

அந்த நாட்களில் ஹ்வாங் வான் என்ற இளம் இசையமைப்பாளர் அங்கேயே கட்டிய பாட்டுதான் 'ஹோ கேயோ ஃபாவோ', பீரங்கி இழுக்கும் பாட்டு. பாரம் இழுப்பவர்கள் காலங்காலமாகப் பாடி வந்த மெட்டு வகையில், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் மூச்சைப் பிடித்து ஏலேலோ போடுகிற மாதிரி அமைந்தது. மார்ச் 13 அன்று மலைகளிலிருந்து பீரங்கிகள் முழங்கின. பிரெஞ்சு பீரங்கிப் படைத் தலைவர் பிரோத், தன் கணக்கு பொய்த்துப்போனதைத் தாங்காமல் இரண்டு நாளில் தற்கொலை செய்துகொண்டார். மே 7 அன்று முகாம் விழுந்தது.

அதே போரில் வியட்நாம் பறிகொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓவியர் தோ ங்கோக் வான். ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஓவியக் கல்லூரியில் படித்தவர், லில்லி மலர்களோடு அமர்ந்திருக்கும் இளம்பெண்ணை வரைந்து புகழ் பெற்றவர். போர் வந்ததும் வடக்கே வியட் பாக் என்ற மலைக்காட்டுப் பகுதிக்குப் போய் அங்கே ஓவியப் பள்ளி நடத்தினார், வீரர்களையும் விவசாயிகளையும் வரைந்தார். தியன் பியன் பூ வெற்றிக்கு அடுத்த மாதம், சமாதான ஒப்பந்தம் வருவதற்குள், குண்டுவீச்சில் இறந்துபோனார்.

அப்புறம், நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்த பிறகு, அமெரிக்கப் போர். 1972 டிசம்பரில் வடக்கின் தலைநகர் ஹனோய் மேல் அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. 26 ஆம் தேதி இரவு காம் தியன் தெரு இடிந்து தரைமட்டமானது. அடுத்த நாள் இரவே இசையமைப்பாளர் ஃபாம் துயென் ஒரு பாட்டு எழுதினார். அதன் பெயர் 'ஹனோய் தியன் பியன் பூ'. வானொலியில் ஒலித்த அந்தப் பாட்டு, அழுதுகொண்டிருந்த நகரத்துக்குப் பழைய வெற்றியின் பெயரைச் சொல்லித் தெம்பு ஊட்டியது.

ஆனால் பாட்டின் பலம் தெரிந்த அதே வடக்கு அரசு, சோகமான காதல் பாட்டுகளைப் போராட்ட மனதைக் கெடுக்கும் 'மஞ்சள் இசை' என்று தடை செய்தது. ஹனோயில் அவற்றை ரகசியமாகக் கூடிப் பாடியவர்களை 1971 இல் விசாரித்துச் சிறைக்கு அனுப்பியது. இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தெற்கு மட்டும் என்ன, அதன் தலைநகர் சைகோனில் சின் கோங் சோன் என்ற பாடலாசிரியர் போர் வேண்டாம் என்று பாடினார், பிள்ளையை இழந்த தாய்களுக்காகப் பாடினார், அவருடைய பாட்டுகளை அங்கிருந்த அரசும் தடை செய்தது. மக்கள் ஒலிநாடாவில் பதிந்து கைமாற்றிக் கேட்டார்கள்.

1975 ஏப்ரல் 30, சைகோன் வடக்குப் படையிடம் விழுந்த நாள். பலர் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருக்க, சின் கோங் சோன் வானொலி நிலையத்துக்குப் போனார். வடக்கும் தெற்கும் கைகோத்து ஒரே வட்டமாக நிற்போம் என்று 1968 வாக்கில் தான் எழுதியிருந்த பாட்டை அங்கே பாடினார், நகரம் முழுக்க அது ஒலித்தது.