ஒரு பாட்டு, பல தொண்டைகள்: ‘பாடி அண்ட் சோல்’ கடந்து வந்த வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜாஸ் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, எங்கே தொடங்குவது என்ற மலைப்புத்தான் முதலில் வந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான், நாட் கிங் கோல், ஃபிராங்க் சினாட்ரா என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது; ஆனால் வீடு திரும்பும்போது காதில் ஒரு பாட்டும் தங்கியிருக்காது. ஆகவே ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, எண்பது ஆண்டுகளில் அது எத்தனை தொண்டைகளின் வழியாக வந்திருக்கிறது என்று பார்க்கலாம் என முடிவு செய்தேன். பாட்டின் பெயர் ‘பாடி அண்ட் சோல்’. நம் மொழியில் ‘உடலும் உயிரும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தன்னைத் திரும்பியும் பாராத ஒருவருக்கு உடலையும் உயிரையும் ஒப்படைத்துவிட்டேன் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

ஜாஸ் கலைஞர்கள் ஒரு பாட்டை ‘ஸ்டாண்டர்ட்’ என்று சொன்னால், அது பெரும்பாலும் நாடக மேடைக்கோ திரைப்படத்துக்கோ எழுதப்பட்டு, அந்த நாடகத்தை எல்லாரும் மறந்த பிறகும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் விடாமல் எடுத்துக் கையாண்டு வருகிற பாட்டு என்று பொருள். முன்பின் அறியாத நான்கு பேர் ஓர் இரவில் ஒரே மேடையில் ஏறினாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லிவிட்டால் ஒத்திகை இல்லாமல் தொடங்கிவிடுவார்கள். எழுதியவரின் தாளில் இருப்பது வெறும் விதைதான் என்பதும், பாடிப் பதிவு செய்தவர்களே அதை மரமாக்கினார்கள் என்பதும் என் உறுதியான எண்ணம். இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான்.

மெட்டமைத்தவர் ஜானி கிரீன். நியூயார்க்கில் 1908-இல் பிறந்து, ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து, வால் ஸ்ட்ரீட்டில் பார்த்த வேலையை உதறிவிட்டு இசைக்கு வந்தவர். இந்த மெட்டைப் போட்டபோது அவருக்கு இருபத்தொரு வயது. வரிகளை எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சவர், ஃபிராங்க் அய்டன் என்ற மூவர் சேர்ந்து எழுதினார்கள். ஆங்கில நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸுக்காக உருவான பாட்டு ஆகையால், அது முதலில் லண்டனுக்குப் போய் அங்கே வானொலியில் ஒலித்துப் பெயர் பெற்றது; அதன் பிறகே 1930 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில், ‘த்ரீஸ் எ க்ரவ்ட்’ என்ற நிகழ்ச்சியில் லிபி ஹோல்மன் அதைப் பாடினார். அந்த நிகழ்ச்சியை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

பாட்டின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் தானாக விளங்கும். இப்போது மேசைமேல் விரலால் நான்கு நான்காகத் தட்டுங்கள். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு ‘பார்’. பாட்டு மொத்தம் 32 பார். எட்டெட்டாக நான்கு பகுதி. முதல் பகுதி வரும், அதுவே மெட்டு மாறாமல் இரண்டாம் முறையும் வரும், மூன்றாவதாக ‘பிரிட்ஜ்’ எனப்படும் வேறொரு மெட்டு வரும், கடைசியில் முதல் மெட்டு திரும்பும். அந்தக் காலத்துப் பாட்டுகளில் பாதிக்குமேல் இந்தச் சட்டத்துக்குள் அடங்கியவைதாம். ஆனால் கிரீன் இரண்டு இடங்களில் சாமர்த்தியம் காட்டியிருக்கிறார். பாட்டு தன் சொந்த வீட்டில் தொடங்குவதில்லை. டி ஃபிளாட் சுருதியில் அமைந்த பாட்டு, முதல் அடியிலேயே பக்கத்திலுள்ள ஒரு மைனர் கார்டில், அதாவது சோகச் சாயலோடு சேர்ந்தொலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டில், காலை வைத்து, பிறகுதான் வீட்டுக்கு வருகிறது. பிரிட்ஜ் வந்ததும் சுருதி முழுவதுமே அரை ஸ்வரம் மேலே ஏறி டி-க்குப் போய்விடுகிறது. அங்கேயும் நிலைக்காமல் சி-க்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாகச் சறுக்கிப் பழைய இடத்துக்கு வந்து சேர்கிறது. எட்டு பார்களுக்குள் இவ்வளவு அலைச்சல். தாளில் பார்த்தால் இது கணக்கு. காதில் விழும்போது, தரை நழுவிய ஒருவர் தடுமாறி மீண்டும் நிற்பதுபோல் இருக்கும். பாடத் தெரியாதவரை இந்தப் பிரிட்ஜ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பாடத் தெரிந்தவருக்கோ, வரிகள் சொல்லாமல் விட்ட துயரத்தை எல்லாம் இந்த எட்டு பாரில் சொல்லிவிட இடமிருக்கிறது.

பிராட்வேயில் அந்த நிகழ்ச்சி அரங்கேறிய அதே அக்டோபரில், நாட்டின் மறு கோடியான லாஸ் ஏஞ்சலிஸில் லூயி ஆம்ஸ்ட்ராங் இந்தப் பாட்டைத் தன் ட்ரம்பெட்டிலும் குரலிலும் பதிவு செய்தார். மேடைப் பாட்டு ஜாஸ் கலைஞர்களின் கைக்கு இவ்வளவு விரைவாக வந்துவிட்டது. 1935 ஜூலையில் பென்னி குட்மன், ஜீன் க்ரூபா, டெடி வில்சன் மூவரும் சேர்ந்து கிளாரினெட், டிரம்ஸ், பியானோ மட்டும் வைத்து அதைப் பதிவு செய்தார்கள். குட்மனும் க்ரூபாவும் வெள்ளையர்கள், வில்சன் கறுப்பர். நிறம் கலந்து ஒரே மேடையில் வாசிப்பது அமெரிக்காவில் அன்று எளிதாக நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு சிகாகோவில் அந்த மூவர் பொதுமேடையிலும் ஒன்றாக வாசித்தார்கள்.

வாய்ப்பாட்டைப் பற்றிய உரையில் ஒரு சாக்சபோன் பதிவை மட்டும் நான் விட முடியாது. ஐந்து ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1939-இல் நியூயார்க் திரும்பிய கோல்மன் ஹாக்கின்ஸ், அந்த ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி ‘பாடி அண்ட் சோல்’ வாசித்தார். முதல் சில பார்களில் மெட்டை லேசாகத் தொட்டுக் காட்டுகிறார். அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று நிமிடம் அந்த மெட்டு எங்கேயும் இல்லை. அடியில் கார்ட்கள் தம் வழியில் நகர்ந்துகொண்டிருக்க, மேலே அவர் புத்தம் புதிதாக ஒரு பாட்டையே கட்டிக்கொண்டு போகிறார். பாமர மக்களும் அந்த இசைத்தட்டை விரும்பி வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. மெட்டே இல்லாத பதிவை ரசிக்கும் அளவுக்கு மெட்டு அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் எடி ஜெஃபர்சன் என்ற பாடகர், ஹாக்கின்ஸ் கற்பனையில் வாசித்த அந்த ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வரி எழுதிப் பாடினார். 1979-இல் ‘மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர்’ குழு அதைப் பல குரல்களில் பாடி, ஜெஃபர்சனுக்கும் ஹாக்கின்ஸுக்கும் அஞ்சலி செலுத்தியது. தொண்டையிலிருந்து வாத்தியத்துக்குப் போன பாட்டு, வாத்தியத்திலிருந்து வேறு உருவெடுத்துத் தொண்டைக்கே திரும்பி வந்தது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான திறமைப் போட்டி நடப்பது வழக்கம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1934-இல் நடனமாட வந்து, கடைசி நேரத்தில் மனம் மாறிப் பாடியது அங்கேதான். எட்டு ஆண்டுகள் கழித்து அதே மேடையில், நெவார்க் நகரத்திலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ‘பாடி அண்ட் சோல்’ பாடி முதல் பரிசு பெற்றாள். பரிசு பத்து டாலர், கூடவே ஒரு வாரம் அங்கே பாடும் வாய்ப்பு. அவர்தான் சாரா வான். மேலே எவ்வளவு தூரமும் கீழே எவ்வளவு ஆழமும் தயக்கமின்றிப் போய்வரும் குரல் அவருக்கு வாய்த்திருந்தது. 1978-இல் வெளியான ஓர் இசைத்தட்டில், ரே பிரவுனின் பேஸ் வாத்தியம் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு இதே பாட்டைப் பாடுகிறார். கார்ட்களை எடுத்துக் கொடுக்கப் பியானோ இல்லை. ஏறி இறங்கும் அந்தப் பிரிட்ஜ் முழுவதையும் ஒரு குரலும் ஒரு தடித்த தந்தியும் மட்டுமே தாங்கிச் செல்கின்றன.

இந்த வழியில் இன்னும் அண்மையில் வந்தவர் ஆமி வைன்ஹவுஸ். 2011 மார்ச்சில் லண்டனின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், எண்பத்து நான்கு வயதுப் பாடகர் டோனி பென்னட்டுடன் நின்று, இருபத்தேழு வயது ஆமி இந்தப் பாட்டைப் பாடினார். அதுவே அவருடைய கடைசி ஒலிப்பதிவு. ஜூலையில் அவர் மறைந்தார். செப்டம்பர் 14, அவர் பிறந்த நாளன்று, அந்தப் பதிவு வெளியாயிற்று.

இதுவரை ஒரு பெயரை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். பில்லி ஹாலிடே இந்தப் பாட்டை 1940 பிப்ரவரி 29-ஆம் தேதி பதிவு செய்தபோது அவருக்கு இருபத்தைந்துகூட நிறைவாகவில்லை. குரலின் வீச்சு சிறியது. அரங்கின் கடைசி வரிசை வரை முழங்க வேண்டிய பழைய காலமாக இருந்திருந்தால் அவர் பாடகியாகவே ஆகியிருக்க முடியாது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவும் மைக்கும் வந்ததனால்தான், காதோரம் பேசுவதுபோல் பாடும் ஒருவருடைய குரலும் இசைத்தட்டில் ஏறியது. அவர் மெட்டின் மேடு பள்ளங்களை வெட்டிச் சமன் செய்துவிடுவார். சொல் விழ வேண்டிய இடத்தில் விழாமல், ஒரு கணம் தாமதித்து வந்து அமரும். வாத்தியங்கள் முன்னே போய்க்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசற்படியில் நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வருவதுபோல் இருக்கும். அந்தத் தாமதத்தில்தான் எனக்கு ஜாஸ் வாய்ப்பாடு முதன்முதலில் புரிந்தது. பழைய ஒலிநாடா ஒன்றில் அதைக் கேட்ட நாளில், பாடகி தாளம் தப்புகிறார் என்று எண்ணி மறுபடி சுற்றிக் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோதுதான், ஒவ்வொரு எட்டாவது பாரின் முடிவிலும் அவர் மிகச் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார் என்பதை விரல் தட்டி உறுதி செய்துகொண்டேன்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1957 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸில் அவர் இதே பாட்டை மீண்டும் பதிவு செய்தார். இடையே நடந்தவை பல. 1947-இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். வெளியே வந்த பிறகு, மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்குத் தேவையான அனுமதி அட்டையை நியூயார்க் காவல்துறை அவருக்குக் கொடுக்கவில்லை. ஆகையால் கார்னகி ஹால் என்ற பெரிய கச்சேரி அரங்கில் பாட முடிந்த அவரால், அந்த நகரத்தின் சிறிய இரவு விடுதி எதிலும் சட்டப்படி பாட முடியவில்லை. ஜாஸ் பாடகருக்கு அன்றாடச் சோறு போடுவது அந்த விடுதிகள்தாம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தண்டனையின் கொடுமை புரியும். 1959-இல் நாற்பத்து நான்கு வயதில் அவர் இறந்தார்.

1940-இன் பதிவு பழைய பத்து அங்குலத் தட்டுக்கு உரியது. அதில் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குமேல் இடம் கிடையாது, அதனால் பாட்டும் அந்த அளவுக்குள் அடங்கி ஓடியது. 1957-க்குள் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்துவிட்டது. இப்போது ஆறு நிமிடத்துக்குமேல் நீள்கிறது பாட்டு. குரல் கரகரத்திருக்கிறது, மேல் ஸ்வரங்கள் போய்விட்டன. ஆனால் அந்தத் தாமதம் போகவில்லை, முன்பைவிட நீண்டிருக்கிறது. இளவயதில் அழகுக்காகச் செய்தது, இப்போது மூச்சுக்காகவும் செய்யப்படுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இரண்டாவதைத்தான் நான் சொல்வேன்.

இரண்டு பதிவுகளையும் கொண்டுவந்திருக்கிறேன், அடுத்தடுத்துப் போடுகிறேன். வழியெல்லாம் மெதுவாக விரல் தட்டிக்கொண்டே வாருங்கள். பதினாறாவது பார் முடிந்து சுருதி மேலே ஏறும் இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த சொல் எப்போது வந்து விழுகிறது என்று மட்டும் காத்திருந்து கேளுங்கள்.